டேபிள் ஃபேனோடுதான் வருவேன்

ஓசூர்
12.2.2014

அன்புள்ள அக்காவுக்கு,

குமரவேல் எழுதுவது. நீ ஊர் போய்ச் சேர்ந்தாயா இல்லையா என்பதைக்கூட உன் மகளிர் குழுவில் இருக்கிற தனகோடி அக்காவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் போன் செய்தால் எடுத்து "ஆங்... ஆங்..." என்கிறாய், வைத்துவிடுகிறாய். மெசேஜ் அனுப்பினால் உன் போனில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம். அதனால்தான் தபால் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போய் இன்லண்ட் லெட்டர் வாங்கி எழுதுகிறேன்.

நீ செய்தது நியாயமா அக்கா? ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் புது வீட்டில் ஹோமம். என் பக்கத்தில் நிற்பதற்கு நீ ஒருத்திதான். பால் காய்ச்ச உன்னைக் கூப்பிடப் போனால் பாய் சுருட்டி வைத்திருக்கிறது, ஆளைக் காணோம். வெளியே கேட் வரைக்கும் ஓடினேன். வாட்ச்மேன், "அந்தம்மா நாலு மணிக்கே பையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க சார். கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல" என்றார்.

மாமனார் வீட்டு ஆட்கள் முப்பது பேர். ஒவ்வொருவராக வந்து "அக்கா எங்க?" என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல? தேன்மொழி உனக்கென்று எடுத்து வைத்திருந்த புடவை தட்டோடு அப்படியே இருக்கிறது. தம்பி சொந்தமாக வீடு வாங்கியது உனக்குக் கண்ணில் குத்துகிறதா என்று மாமியார் கேட்டார்.

காரணம் எழுது. எழுத மனமில்லை என்றால் அதையாவது எழுது.

குமரவேல்


மந்தாரக்குப்பம்
20.2.2014

தம்பி குமரவேலுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். ஹோமம், பால், முப்பது பேர், புடவை எல்லாம் எழுதியிருக்கிறாய். சனிக்கிழமை ராத்திரி ஹாலில் ஃபேனை யார் நிறுத்தியது என்பதை மட்டும் எழுதவில்லை.

மறந்திருந்தால் நான் சொல்கிறேன். பெண்கள் எட்டுப் பேர் ஹாலில் படுத்தோம். நான்தான் எழுந்து ஃபேனைப் போட்டேன். உன் மாமியார் போர்வையை இழுத்துக்கொண்டு என்னமோ சொன்னார். நீ வந்தாய். ஸ்விட்சை அணைத்தாய். குனிந்து, "ஒரு ராத்திரிதானே அக்கா, மானத்த வாங்காத" என்றாய். நீ சொன்னது என் காதில் விழவில்லை. உன் வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது உனக்கு எழுதுகிறேன். ஜெயராமன் மாவு மில்லில் மிளகாய் மெஷினுக்கும் கோதுமை மெஷினுக்கும் நடுவில் இருபத்திரண்டு வருடம் நின்றேன். நெய்வேலி சுரங்கத்தில் ஃபர்ஸ்ட் ஷிப்டு விட்டு வருகிறவர்கள், செகண்ட் ஷிப்டு போகிறவர்கள் என்று குவார்ட்டர்ஸ் ஜனம் தூக்கோடு வந்துகொண்டே இருக்கும். மெஷின் நிற்காது. காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. அது போனதைக்கூடச் சமாளித்துவிட்டேன். போன இடத்தில் வேறொரு சத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. குக்கர் விசில் அடிக்க ஆரம்பித்து இறங்காமலே நின்றால் எப்படி இருக்கும்? அப்படி. பகலில் வேலையில் தெரியாது. ஊர் அடங்கினால் அது மட்டும்தான் இருக்கும். தலைமாட்டில் ஃபேன் ஓடினால் அந்த உறுமல் எனக்குக் கேட்கும். அதில் இது அமுங்கும். நான் தூங்குவேன். மழைக்காலமோ பனிக்காலமோ, என் வீட்டில் ஃபேன் நின்றதில்லை. எனக்கு வியர்க்கிறது என்று நீ நினைத்திருப்பாய்.

நீ அணைத்துவிட்டுப் போன பிறகு மூன்றரை மணி வரை உன் புது வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். விடிந்து யாராவது ஒரு வார்த்தை பேசினால் முப்பது பேர் முன்னால் கத்திவிடுவேன் போல இருந்தது. அதனால் கிளம்பினேன். கிருஷ்ணகிரி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு, இன்ஜின் ஓரம். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

கண்ணில் குத்துகிறதா என்று கேட்டது உன் மாமியார். அதைப் பேப்பரில் எழுதி எனக்கு அனுப்பியது நீ. அதை நான் மறக்க மாட்டேன்.

திலகவதி


ஓசூர்
6.3.2014

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் அந்நியனா? அன்று நான் சொன்னது தப்பு. எழுதியதும் தப்பு.

பெங்களூரில் பெரிய காது டாக்டர் ஒருவர் இருக்கிறார். இங்கிருந்து ஒரு மணி நேரம்தான். அழைத்துப் போகிறேன், வா. குணமாகிவிட்டால் இந்த ஃபேன் பிரச்சினையே இருக்காது.

இன்னொன்று. கோபப்படாமல் படி. நீ போனதற்கு இங்கே ஏதாவது காரணம் சொல்லியாக வேண்டியிருந்தது. உனக்கு லோ பிரஷர், மயக்கம் வந்தது, மாத்திரை ஊரில் இருந்ததால் கிளம்பிவிட்டாய் என்று சொல்லியிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும். காது கேட்காது என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மில் விஷயமும் நான் அவர்களிடம் சொன்னதில்லை. பெண் பார்க்கப் போனபோது நீ மகளிர் குழுவில் ஆபீசர் என்று சொல்லியிருந்தேன். தேன்மொழிக்கும் அவ்வளவுதான் தெரியும். நம் நிலைமை உனக்குப் புரியும்.

குமரவேல்


மந்தாரக்குப்பம்
28.4.2014

தம்பி குமரவேலுக்கு,

பெங்களூர் வேண்டாம். தனகோடியைக் கூட்டிக்கொண்டு நானே கடலூர் போனேன். ஒரு லேடி டாக்டர், சின்னப் பெண். காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரல் தூக்கச் சொன்னார். பாதி நேரம் விரல் தூங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பேப்பரில் பெரிதாக எழுதிக் காட்டினார். போன காது திரும்பாது. இரைச்சலை முழுதாக நிறுத்த மருந்து கிடையாது. ராத்திரி பக்கத்தில் ஒரே சீரான சத்தம் ஏதாவது ஓடினால் நல்லது: ஃபேனோ, ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோவோ.

"ஃபேன்தான் போடறேம்மா, அஞ்சு வருஷமா" என்றேன்.

"யார் சொல்லிக் குடுத்தாங்க?" அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"யாரும் சொல்லலம்மா. தூக்கம் வரல, தேடிக் கண்டுபிடிச்சேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டது. பேச்சு கேட்க ஒரு மிஷின் கொடுத்திருக்கிறார்கள். பகலில் மாட்டிக்கொள்கிறேன். ராத்திரி கழற்றிவிட வேண்டும்.

என் பிரஷரையும் பார்த்தார்கள். சரியாக இருக்கிறது. அதனால் உன் வீட்டில் சொன்ன பொய்யைத் திருத்து. எனக்கு மயக்கம் வரவில்லை. எனக்குக் காது போய்விட்டது. நான் ஆபீசர் இல்லை. மில்லில் நின்றேன், இப்போது குழுவில் ஒன்பது பேரோடு சத்துமாவு அரைத்துப் பாக்கெட் போடுகிறேன். அதற்கு நீ வெட்கப்பட்டால் அது உன் பாடு. என் பெயரைச் சொல்லிப் பொய் சொல்ல உனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

நீ திருத்துகிற வரைக்கும் உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்.

வடலூரில் ஒரு சின்ன டேபிள் ஃபேன் வாங்கினேன். பன்னிரண்டு அங்குலம், கட்டைப்பையில் அடங்குகிறது. போன வாரம் விழுப்புரத்தில் குழுப் பயிற்சி, மூன்று நாள். லாட்ஜ் ரூமில் நாலு பேர். ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். காற்று யார் மேலும் படாது, சத்தம் மட்டும் வரும். அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். இது முதலிலேயே தெரியாமல் போயிற்றே என்றிருந்தது. இனி எந்த ஊருக்கும் போவேன்.

திலகவதி


ஓசூர்
27.10.2014

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு மாதமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். எழுத உட்காருவேன், நீ கேட்டதைச் செய்யவில்லையே என்று எடுத்து வைத்துவிடுவேன்.

தனகோடி அக்கா போனில் சொன்னார்கள். டெல்லியில் மகளிர் குழுக்களின் கண்காட்சிக்கு நீங்கள் இரண்டு பேரும் போகிறீர்களாம், பதினைந்து நாள். அக்கா, தயவுசெய்து வேண்டாம். விழுப்புரம் வேறு, டெல்லி வேறு. பாஷை தெரியாது. காதும் கேட்காது. பின்னால் வண்டி வந்தால்கூடத் தெரியாது. பத்துப் பதினைந்து பேர் படுக்கிற ஹாலில் நவம்பர் குளிரில் டேபிள் ஃபேன் போட்டால் சும்மா விடுவார்களா? எல்லோரும் சிரிப்பார்கள். குழுவில் வேறு யாரையாவது அனுப்பச் சொல்.

உன்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறேன்.

குமரவேல்


புது டெல்லி
19.11.2014

தம்பி குமரவேலுக்கு,

வந்துவிட்டேன்.

ரயிலில் இரண்டு ராத்திரி. ரயில் மாதிரித் தூங்குவதற்கு உலகத்தில் வேறு இடம் கிடையாது. ஃபேனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

தங்குகிற இடத்தில் தகராறு. ஒரு பெரிய ஹால், பதினாறு கட்டில். முதல் நாள் ராத்திரி நான் ஃபேனைச் சொருகியதும் வார்டன் அம்மா வந்து பிடுங்கி, எடுத்துக்கொண்டே போய்விட்டார். ஹீட்டர், அடுப்பு, எதுவும் கூடாதாம். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். அன்றைக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. மறுநாள் கடையில் உட்கார்ந்தபடியே கண் சொக்கியது. முந்திரி வாங்க வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியைத் தோல் நீக்கி, பொறுக்கி, இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தது தூங்கி வழியவா?

சாயங்காலம் தனகோடியை இழுத்துக்கொண்டு வார்டன் மேசைக்குப் போனேன். அவள் புருஷன் சூரத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தபோது கூட இருந்ததால் கொஞ்சம் இந்தி வரும்.

"கண்ணாடி போட்டவங்கிட்ட கண்ணாடியப் புடுங்குவாங்களான்னு கேளுடி" என்றேன்.

கேட்டாள். அந்தம்மா ரூல் புத்தகத்தைத் தட்டினார்.

நான் கடலூர் டாக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து அந்தப் புத்தகத்தின் மேலேயே வைத்தேன். காதிலிருந்து மிஷினைக் கழற்றி அதன் மேல் வைத்தேன். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "அவங்க போகச் சொல்றாங்கக்கா" என்று தனகோடி என் தோளைத் தட்டித் தட்டிச் சொல்கிறாள். "எனக்குத்தான் காது கேக்காதே, எப்புடிப் போவேன்?" என்றேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். பெரிய அதிகாரி ஒருவர் வந்தார், சீட்டைப் படித்தார், ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஃபேன் வந்துவிட்டது.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ராஜஸ்தான்காரி ஒருத்தி முறைத்துக்கொண்டே படுக்கையைச் சுருட்டி அடுத்த ஹாலுக்குப் போய்விட்டாள். போகட்டும். ஆனால் என் கட்டிலுக்கு அடுத்த ஒரிசாக்காரி, மூன்றாம் நாள் நான் படுக்க நேரமானபோது அவளே எழுந்து ஃபேனைப் போட்டிருக்கிறாள். குறட்டை, வெளியே நாய், விடிய விடியச் சாமான் இறக்குகிற சத்தம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லையாம். ஜாடையில் சொன்னாள்.

சிரிப்பார்கள் என்று எழுதினாயே. சிரித்தார்கள். சிரித்தால் என்ன ஆகும்? கொண்டுவந்த சத்துமாவு நாலே நாளில் தீர்ந்து, ஊருக்குச் சொல்லி இன்னும் வரவழைத்திருக்கிறோம். நன்றாகத் தூங்கி எழுந்தால் நான் நன்றாக வியாபாரம் பேசுவேன். அது எனக்கே இங்கே வந்துதான் தெரிந்தது.

திலகவதி


ஓசூர்
3.1.2015

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல சேதி. தேன்மொழிக்கு ஏழாவது மாதம். முன்பே எழுதியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. நாத்தனார் இல்லாமல் எப்படி என்று தேன்மொழியே கேட்கிறாள். நீ அவசியம் வர வேண்டும்.

உனக்குச் சிரமம் இல்லாதபடி ஏற்பாடு செய்திருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி அங்கிருந்து கிளம்ப ஒரு கார். காலையில் இங்கே இறங்கினால் விசேஷம், சாப்பாடு. நாலு மணிக்கு அதே காரில் திரும்பிவிடலாம். ராத்திரி தங்குகிற பேச்சே இல்லை. யாருக்கும் சங்கடம் இல்லை.

குமரவேல்


மந்தாரக்குப்பம்
8.1.2015

குமரவேலுக்கு,

தேன்மொழிக்கு என் ஆசீர்வாதம். அவளை நன்றாகப் பார்த்துக்கொள்.

கார் வேண்டாம். விடிந்ததும் வந்து பொழுது சாய்வதற்குள் போய்விட, நான் உன் வீட்டுக்குப் பாத்திரம் விற்க வருகிறவள் இல்லை. வந்தால் ராத்திரி தங்குவேன். எல்லோரோடும் ஹாலில் படுப்பேன். டேபிள் ஃபேனோடுதான் வருவேன். எனக்கு என்ன என்று நான் வருவதற்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், உன் வாயால்.

முடியாது என்றால் வளையலைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன்.

திலகவதி


ஓசூர்
17.1.2015

அக்கா,

சொல்லிவிட்டேன்.

பொங்கலன்று மாமனார் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். யார் யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தது. மாமியார், "உங்க அக்கா இந்தத் தடவையாவது இருப்பாங்களா, இல்ல பிரஷர் வந்துடுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் போனேன். சிரிப்பு வரவில்லை.

"பிரஷர் இல்ல அத்தை. அது நான் சொன்ன பொய்" என்றேன். ஒரே மூச்சில் எல்லாம் சொன்னேன். மில், காது, இரைச்சல், நான் ஃபேனை அணைத்தது. நீ ஆபீசர் இல்லை என்பதையும் சொன்னேன். மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். "இத மறைக்கறதுக்கு என்ன இருக்கு மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாமியார், "சரி, மாடில தனி ரூம் குடுத்துடலாம்" என்றார். இல்லை, ஹாலில்தான் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் தேன்மொழி, "கல்யாணத்துக்கு முன்னாடி சொன்ன பொய்ய இப்ப வரைக்கும் என்கிட்ட காப்பாத்தியிருக்கீங்க. வேற என்னெல்லாம் இருக்கு?" என்று கேட்டாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அவள் கேட்டதில் தப்பில்லை.

நான் பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. இதற்குப் போய் ஒரு வருடம் உன்னை வெளியே நிறுத்தினேனே என்பதுதான் வலிக்கிறது.

சனிக்கிழமை எத்தனை மணி பஸ் என்று எழுது. பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

குமரவேல்


மந்தாரக்குப்பம்
4.2.2015

தம்பி குமரவேலுக்கு,

நல்லபடி வந்து சேர்ந்தேன்.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை, தேன்மொழியிடமும் படித்துக் காட்டு. வளைகாப்புக்கு முந்தின ராத்திரி நீங்கள் இருவரும் பெட்ரூமில் இருந்தீர்கள். ஹாலில் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

நான் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துப் போட்டேன். உன் மாமியார் எழுந்து உட்கார்ந்து அதையே பார்த்தார். கொஞ்ச நேரம் படுத்துப் புரண்டார். அப்புறம் தலையணையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. போகிறவர்கள் போகலாம். நான் எழுந்து போக மாட்டேன், அவ்வளவுதான். கண் விழித்தபோது மணி ஏழு. வெயில் காலில் படுகிறது, எல்லோரும் காபி குடித்து முடித்திருக்கிறார்கள். ஒரு விசேஷ வீட்டில் அப்படித் தூங்கி எனக்கு எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா?

மாமியார் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "நல்லாத் தூங்கினீங்களா?" என்றார்.

"ஏன் கத்தறீங்க? மிஷின மாட்டிக்கினுதான் இருக்கேன். மெதுவா பேசுங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொள்ள மாட்டோம். ஆனால் அவர் இனி என்னைப் பார்த்தால் என் முகத்தைப் பார்த்துப் பேசுவார். எனக்கு அது போதும்.

இப்போது முக்கியமான விஷயம். கிளம்பும்போது தேன்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, கொழந்த பொறந்ததும் ஒரு மாசம் வந்து எங்ககூட இருங்களேன். அம்மாவால தனியா முடியாது" என்று கேட்டாள். நீயும் பின்னால் நின்று தலையாட்டினாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன்.

வர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு வேலை இருக்கிறது. மார்ச் கடைசியில் கல்கத்தாவில் கண்காட்சி, இருபது நாள். டெல்லியில் வாங்கிய ஒரு கடைக்காரர் அங்கேயும் மாவு கேட்டிருக்கிறார். இந்த முறை தனகோடி வரவில்லை, அவள் மகளுக்குப் பரீட்சை. கஸ்தூரியம்மாளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவருக்கு இந்தியும் தெரியாது, வங்காளமும் தெரியாது, நெய்வேலியைத் தாண்டிப் போனதும் இல்லை. நான்தான் அவருக்குத் துணை. அந்த ஊர் இரைச்சலான ஊராம், ராத்திரியெல்லாம் தெருவில் டிராம் வண்டி ஓடுமாம். எனக்கு ஏற்ற ஊர்.

தேன்மொழியிடம் வருத்தப்பட வேண்டாம் என்று சொல். ஏப்ரலில் திரும்பியதும் வந்து பிள்ளையைப் பார்ப்பேன். நீ லீவு போட்டு ஒரு மாதம் வீட்டில் இரு. துணி அலசவும் கஞ்சி காய்ச்சவும் உனக்கு நான் எட்டாம் வகுப்பிலேயே பழக்கியிருக்கிறேன்.

காது கேட்காதவள் தனியாகப் போகிறாளே என்று இன்னொரு கடிதம் எழுதாதே. பிள்ளை பிறந்ததும் ஆணா பெண்ணா என்று, நான் எழுதி அனுப்பும் கல்கத்தா விலாசத்துக்கு ஒரு கார்டு போடு. நான் படுத்த பிறகு யாராவது கொண்டுவந்தால் காத்துக் கிடக்கட்டும். நான் தூங்கி எழுந்துதான் படிப்பேன்.

திலகவதி